"அக்கா, சிப் செத்துப்போச்சு": செல் உணரும் சிப்புகளில் கோளாறு தேடும் வழி

தைப்பூசத்துக்கு முந்தின வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அது உச்சிக் கோடை. காற்றில் ஈரம் கையால் பிழியலாம் போலிருக்கும். சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் பெட்ரி தட்டில் ஒரு சிப்பை வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். தமிழை ஆயாவிடமும் கோயில் வகுப்பிலும் கற்றவன். "அக்கா, செத்துப்போச்சு" என்றான்.

எந்தச் சேனல், எந்த அதிர்வெண்ணில், வாங்கிய அன்று எவ்வளவு காட்டியது என்று மூன்று கேள்வி கேட்டேன். முதல் இரண்டுக்கும் தயங்கித் தயங்கிப் பதில் வந்தது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. வாங்கிய அன்று அளந்து வைக்கவில்லை. அந்த ஒன்று இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை, அன்று பிற்பகல் முழுவதையும் தின்றது. இந்தச் சிப்புகள் கடல் கடந்து வருபவை, ராண்டில் விலை போட்டால் மாணவர் கை தாங்காது. ஒன்றைக் குப்பையில் போடுவதற்கு முன் அது உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளும் வழியைத்தான் எழுதுகிறேன்.

நான் பேசுவது, செல் (உயிரணு) ஒட்டுவதையும் வளர்வதையும் மின்மறுப்பை, அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் கிடைக்கும் எதிர்ப்பை, அளந்து காட்டும் சிப்புகளைப் பற்றி. ஒரு சிப்பில் எட்டுக் குழி, ஒவ்வொரு குழியும் ஒரு சேனல். ஒவ்வொரு குழியின் அடியிலும் 250 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிறிய தங்க மின்முனை, பக்கத்தில் பெரிய எதிர்முனை, நடுவில் வளர்ப்பு ஊடகம். சில மில்லிவோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று பார்க்கிறோம். செல் வந்து தங்கத்தின் மேல் உட்கார்ந்தால் மின்னோட்டத்துக்கு வழி குறைகிறது, மின்மறுப்பு ஏறுகிறது. 1984இல் ஐவர் யேவரும் சார்லஸ் கீஸும் இதைச் செய்து காட்டினார்கள். யேவர் அதற்கு முன்பே, 1973இல், மீகடத்திகளில் எலக்ட்ரான் ஊடுருவுவதைக் காட்டியதற்காக இயற்பியல் நோபல் பெற்றவர். பின்னாளில் உயிரியல் பக்கம் திரும்பினார்.

முதல்நாள் கோடு

சிப்பைப் பிரித்ததும், செல்லைப் பற்றி நினைப்பதற்கு முன், 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊற்றுங்கள். 25 டிகிரியில் அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 12.88 மில்லிசீமன்ஸ். இந்த எண் எந்த ஊரிலும் மாறாது, அதனால்தான் இதை அளவுகோலாகப் பிடிக்கிறோம். 10 மில்லிவோல்ட்டில், 100 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை ஓட்டி, ஒவ்வொரு சேனலின் கோட்டையும் சிப் எண்ணோடு சேமியுங்கள். இதை நாங்கள் முதல்நாள் கோடு என்கிறோம்.

கோட்டை மூன்று துண்டாகப் படியுங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் பேசுவது தங்கமும் நீரும் தொடும் பரப்பு. அங்கே ஒரு மின்தேக்கி இருப்பதுபோல் நடக்கும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 மைக்ரோஃபாரட் என்று வைத்தால் நம் 250 மைக்ரோமீட்டர் வட்டத்துக்கு 10 நானோஃபாரட் வரும். 4 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 4 கிலோஓம். உயர்ந்த அதிர்வெண்ணில் அந்த மின்தேக்கி கிட்டத்தட்ட மறைந்துபோகும். மிஞ்சுவது கரைசலின் தடை, நம் கரைசலில் சுமார் 1.5 கிலோஓம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செல் பேசும். எனவே கோடு எங்கே கோணுகிறதோ அங்கேதான் நோய். தாழ்ந்த முனை கோணினால் தங்கத்தைப் பாருங்கள். உயர்ந்த முனை கோணினால் கரைசலையும் கம்பியையும் பாருங்கள். நடு மட்டும் கோணினால் செல்லைப் பாருங்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் ஒரே அதிர்வெண்ணில் ஓடும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எண் ஏறினது தெரியும், எதனால் ஏறினது என்று தெரியவே தெரியாது.

எல்லாச் சேனலும் மெகாஓமில் நிற்கிறது

கட்டக்கோணம் (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள நேர வித்தியாசம், டிகிரியில்) எல்லா அதிர்வெண்ணிலும் மைனஸ் 90ஐ ஒட்டி நிற்கிறதா? அப்படியென்றால் கருவி பார்ப்பது கம்பியின் மின்தேக்கத்தை மட்டும்தான், சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. எட்டுச் சேனலிலும் ஒரே நேரத்தில் இப்படி வந்தால் பொதுவான எதிர்முனையின் தொடர்புதான் காரணம். எட்டு மின்முனை ஒரே நொடியில் சாகாது.

சிப்பின் விளிம்பிலுள்ள தொடுபட்டைகளையும், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங் ஊசிகளையும் பாருங்கள். ஊடகம் ஒரு துளி சிந்திக் காய்ந்தாலும் உப்புப் படிகம் ஊசி நுனியை மூடிவிடும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, காய்ந்தபின் மறுபடி பொருத்துங்கள். அழிப்பான் ரப்பரால் தேய்க்காதீர்கள். தங்கப் படலம் மிக மெல்லியது, அடியில் அதை ஒட்டவைத்திருக்கும் டைட்டானியம் அல்லது குரோமியம் இன்னும் மெல்லியது.

ஒரு சேனல் மட்டும் படிபடியாகத் தாவுகிறது

காற்றுக்குமிழி. வேறு எதையும் யோசிக்கும் முன் அதைப் பாருங்கள்.

செல் இப்படித் தாவாது. அது உட்கார, பரவ, ஒட்ட மணிக்கணக்காகும், கோடு வழுக்கிக்கொண்டு ஏறும். குமிழியோ ஒரு நொடியில் தங்கத்தை மூடும், ஒரு நொடியில் விலகும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தை நேராகக் குழியில் ஊற்றினால் இது நடந்தே தீரும். 4 டிகிரி நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ பாதியைத்தான் 37 டிகிரி நீர் வைத்துக்கொள்ளும். மீதி வெளியே வரவேண்டும். வருவதற்கு அது தேர்ந்தெடுக்கும் இடம் உங்கள் மின்முனையின் விளிம்பு.

ஊடகத்தை மூடி தளர்த்தி இன்குபேட்டரில் ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஏற்கெனவே குமிழி இருந்தால் தலைகீழ் நுண்ணோக்கியில் பாருங்கள், கருத்த வளையமாகத் தெரியும். பிப்பெட் நுனியால் குத்த வேண்டாம்; குழிச் சுவரோரமாக ஊடகத்தை மெதுவாக எடுத்துத் திரும்ப விடுங்கள், அந்த ஓட்டமே குமிழியைத் தள்ளிவிடும். புதுச் சிப்பின் தங்கம் தண்ணீரை விரும்பாததாகவும் இருக்கலாம். 10 மில்லிமோலார் எல்-சிஸ்டீன் கரைசலைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துக் கழுவினால் பரப்பு நனையும். தொடக்க அளவீடும் சேனலுக்குச் சேனல் ஒத்துவரும். இந்தக் கால் மணி நேரத்தை யாரும் மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

மின்மறுப்பு தரையோடு தரையாக, கட்டக்கோணம் சுழியம்

குறுக்குச்சுற்று. இரண்டு இடத்தில் நடக்கலாம்: சிப்பின் உள்ளே தங்கக் கோடுகளுக்கு நடுவில், அல்லது வெளியே தொடுபட்டைகளுக்கு நடுவில். குழியை முழுக்க வெறுமையாக்கிக் காயவைத்து அளந்தால் பிரித்துவிடலாம். காய்ந்த சிப்பில் எல்லாச் சேனலும் அறுந்த சுற்றுபோல மெகாஓம் காட்ட வேண்டும். அப்போதும் சில நூறு ஓம் காட்டும் சேனலில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, அதற்கு மருந்தில்லை.

மாணவனின் சிப் இந்த வகையில்தான் வந்தது, ஆனால் அரைகுறையாக. மூன்று சேனல் தரையில் கிடந்தன. ஐந்து சேனல் முதலில் தாழ்ந்து, அரைமணி நேரத்தில் தானாக ஏறின. தானாகத் தேறுகிறது என்றதும் எனக்குப் பொறி தட்டியது. "சிப்பை எங்கே வைத்திருந்தாய்?" என்றேன். பூச்சுப் பூசி 4 டிகிரியில் இரவு முழுவதும் வைத்துவிட்டு, காலையில் நேராக எடுத்துப் பொருத்தியிருக்கிறான். டர்பன் கோடையில் குளிர்ந்த கண்ணாடியை வெளியே எடுத்தால் என்ன ஆகும்? தொடுபட்டைகளின் மேல் பனிபோல நீர் படிந்திருக்கிறது. பழைய உப்புத் தடம் அதில் கரைந்து பட்டைக்குப் பட்டை பாலம் போட்டுவிட்டது.

இந்த ஊர்க் காற்றுக்கு என் வழக்கம் இது: குளிரிலிருந்து எடுத்த சிப்பை மூடிய பையிலேயே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, அறை வெப்பம் வரும்வரை விடுவேன். பையைத் திறப்பது அதற்குப் பிறகுதான். ஜோஹன்னஸ்பர்க்கின் உலர்ந்த குளிர்காலத்தில் எழுதிய செய்முறையில் இந்த வரி இருக்காது. நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோடு மணிக்கணக்கில் மெதுவாக நகர்கிறது

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மெதுவாக நகரும் கோடு செல் வளர்வதுபோலவே இருக்கும்.

முதல் சந்தேகம் வெப்பம். உப்புக் கரைசலின் கடத்துதிறன் டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். இன்குபேட்டர் கதவை இரண்டு நிமிடம் திறந்து வைத்துவிட்டு, மூடிய அரைமணிக்குள் எடுத்த அளவீட்டை நம்பாதீர்கள். 2023இல் நாளுக்குப் பலமுறை மின்சாரம் போய்வந்த நாட்களில் எங்கள் பதிவுகளில் ஒரு ரம்பப்பல் உருவம் தெரிந்தது: மின்சாரம் போனதும் ஏற்றம், வந்ததும் சரிவு. அளவுக்கருவிக்கு மின்கல இணைப்பு இருந்தது, இன்குபேட்டருக்கு இல்லை. அந்த ஏற்றத்தைச் செல்களின் எழுச்சியாகப் படித்து ஒருவர் கட்டுரையின் முதல் வரைவே எழுதிவிட்டார். மின்வெட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இன்குபேட்டருக்குள் ஒரு வெப்பப் பதிவுக்கருவி போட்டு, அதன் கோட்டை மின்மறுப்புக் கோட்டுக்குக் கீழே வரையுங்கள். இரண்டும் ஒன்றாக ஆடினால் உயிரியல் அங்கே இல்லை.

அடுத்தது ஆவியாதல். ஓரக் குழிகள் நடுக் குழிகளைவிட வேகமாக வற்றும். உப்பு செறியும், தடை குறையும், செல்லும் வாடும். இன்குபேட்டர் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு. 5 சதவீதத்தில் இயங்க வேண்டிய பைகார்பனேட் ஊடகம் வெளிக்காற்றில் கிடந்தால் காரமாகும், ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி கலந்த ஊடகம் சிவப்பிலிருந்து ஊதா கலந்த இளஞ்சிவப்புக்குப் போகும். இதற்குக் கருவி வேண்டாம், கண் போதும்.

இந்த மூன்றையும் ஒரேயடியாகப் பிரிக்க ஒரு வழி உண்டு, எட்டில் ஒரு குழியைத் தியாகம் செய்ய வேண்டும். அதில் செல் இல்லாமல் ஊடகம் மட்டும் ஊற்றுங்கள். அந்தக் குழியும் நகர்ந்தால் நகர்வு செல்லுடையது இல்லை. "ஒரு குழி வீணாகுதே அக்கா" என்பார்கள். அந்தக் குழிதான் மற்ற ஏழுக்கும் சாட்சி.

நுண்ணோக்கியில் செல் தெரிகிறது, சிப்புக்குத் தெரியவில்லை

இதற்கு நேரம் கொடுங்கள். காரணம் பல, ஒவ்வொன்றும் வேறு திசையில் கூட்டிப்போகும்.

எந்த அதிர்வெண்ணில் பார்க்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். செல்லின் சவ்வு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஃபாரட். தங்கப் பரப்போ 20. தங்கத்தின் மேல் செல் உட்காரும்போது அந்தச் சிறிய மின்தேக்கி தொடரில் சேர்கிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் தங்கத்தின் மறுப்பே மலைபோல் நின்று செல்லை மறைக்கும், செல்லுக்கு அடியிலுள்ள இடுக்கு வழியாகவும் செல்லுக்குச் செல் நடுவிலும் மின்னோட்டம் நழுவிப்போகும். மிக உயர்ந்த அதிர்வெண்ணில் சவ்வு தடையே இல்லாததுபோல் ஊடுருவிவிடும். செல்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்பதற்கு 4 கிலோஹெர்ட்ஸ் அருகிலும், தங்கத்தின் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்பதற்கு 64 கிலோஹெர்ட்ஸ் அருகிலும் பார்ப்பது வழக்கம். ஃபைப்ரோபிளாஸ்ட்போலத் தளர்வாக நிற்கும் செல்லை வைத்துக்கொண்டு 4 கிலோஹெர்ட்ஸில் பெரிய ஏற்றத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒன்றோடொன்று இறுக ஒட்டி நிற்கும் எபிதீலியச் செல்லில் அதே இடத்தில் பல மடங்கு ஏறும்.

அதிர்வெண் சரி என்றால் மின்முனையின் அளவு. ஒருவர் தானே வடிவமைத்து 2 மில்லிமீட்டர் விட்டத்தில் தங்கம் படியவைத்துக் கொண்டுவந்தார். பெரிதாக இருந்தால் அதிகச் செல் உட்காரும், அதிகம் தெரியும் என்ற நினைப்பு. கணக்கு நேர்மாறானது. பரப்பின் மறுப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், கரைசலின் தடையோ விட்டத்துக்கு ஏற்பத்தான் குறையும். 2 மில்லிமீட்டரில் 4 கிலோஹெர்ட்ஸ் பரப்பு மறுப்பு சுமார் 60 ஓம், ஊடகத்தின் தடை சுமார் 160 ஓம். செல் மாற்றக்கூடிய அந்த 60 ஓம், 160 ஓமின் நிழலில் ஒதுங்கிவிடும். 250 மைக்ரோமீட்டரிலோ 4 கிலோஓமுக்கு எதிரே ஊடகத்தின் தடை 1.3 கிலோஓம்தான். யேவரும் கீஸும் மின்முனையைச் சிறிதாக்கியதில்தான் இந்த முறை உயிர்பெற்றது.

அளவும் சரி என்றால் முதல்நாள் கோட்டை எடுங்கள். சிப்பைக் கழுவி, அதே பொட்டாசியம் குளோரைடில் மறுபடி ஓட்டுங்கள். தாழ்ந்த முனையில் மின்மறுப்பு முன்பிருந்ததில் பாதிக்கு இறங்கியிருக்கிறதா? தங்கத்தின் பரப்பு கூடியிருக்கிறது. தங்கம் வளராது. வட்டத்துக்கு வெளியே அதை மூடியிருந்த காப்புப்படலம் கிளம்பி, அடியில் ஊடகம் நுழைந்துவிட்டது. செல்லுக்குத் தெரியாத அந்தத் திருட்டு வழியாக மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கிறது. நுண்ணோக்கியில் விளிம்போரம் வானவில் நிறம் தெரிந்தால் உறுதி. அந்தச் சேனலை அடித்துவிடுங்கள்.

மாறாகத் தாழ்ந்த முனையில் ஏறியிருந்தால் தங்கத்தின் மேல் அழுக்கு: பழைய புரதம், காய்ந்த உப்பு, சரியாகக் கழுவாத சோப்பு. உயர்ந்த முனையில் சந்தேகமா? 0.1 மோலாரை எடுத்துவிட்டு 0.01 மோலார் கரைசலை ஊற்றுங்கள், அதன் கடத்துதிறன் 1.413 மில்லிசீமன்ஸ். 50 கிலோஹெர்ட்ஸில் தடை ஒன்பது மடங்கை ஒட்டி ஏற வேண்டும். நான்கு ஐந்து மடங்கோடு நின்றால் நீளமான கம்பி மின்னோட்டத்தைக் குடிக்கிறது. சாதாரணக் கோஆக்ஸியல் கம்பிக்கு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உண்டு. கம்பியைக் குட்டையாக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லையென்றால் செல் தங்கத்தில் ஒட்டவில்லை, மிதந்து உட்கார்ந்திருக்கிறது. செல் ஒட்டுவதற்காகப் பூசும் ஃபைப்ரோனெக்டின் அல்லது கொலாஜன் புரதப் பூச்சை மறுபடி பாருங்கள். 250 மைக்ரோமீட்டர் வட்டத்தில் பரவிய செல் ஐம்பதிலிருந்து நூறுதான் அடங்கும். குழியின் ஓரத்தில் காடுபோல் மண்டி, நடுவில் தங்கம் வெறுமையாகக் கிடந்தால் சிப் பொய் சொல்லவில்லை. விதைத்ததும் குழியைச் சுழற்றாதீர்கள். பத்து நிமிடம் அறை மேசையில் அசையாமல் விட்டு, பிறகு இன்குபேட்டருக்குக் கொண்டுபோங்கள்.

செல்லே போடவில்லை, கோடு ஏறுகிறது

சீரம் கலந்த ஊடகம் ஊற்றிய முதல் மணி நேரத்தில் சிறிது ஏறுவது புரதம் தங்கத்தில் படிவதால், நின்றுவிடும், விடுங்கள். நிற்காமல் மறுநாளும் ஏறினால், ஊடகம் கலங்கியிருந்தால், பாக்டீரியா. குழி, குப்பி, பிப்பெட் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா ஊடகத்தைக் கலக்காது. அதற்குத் தனிச் சோதனை உண்டு, மாதம் ஒருமுறை செய்யுங்கள்.

எதிரணு (ஆன்டிபாடி) பூசி ஒரு குறிப்பிட்ட செல்லை மட்டும் பிடிக்கும் சிப்பில் இந்தக் கோளாறுக்கு இன்னொரு முகம் உண்டு. உலகிலேயே எச்ஐவியோடு வாழ்வோர் மிக அதிகம் உள்ள நாடு இது. இங்கே சிடி4 எண்ணிக்கை, அதாவது சிடி4 என்ற புரதத்தை ஏந்திய டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை, ஏட்டுச் சங்கதி இல்லை. மைக்ரோலிட்டருக்கு 200க்குக் கீழே போனால் நோய் முற்றிய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. சிடி4 எதிரணு பூசிய பரப்பு டி செல்லை மட்டும் பிடிக்கும் என்று நினைத்தால் தவறு. மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களும் சிடி4ஐக் குறைந்த அளவில் ஏந்தியிருக்கின்றன. 180 இருக்கும் ஒருவருக்கு 230 என்று காட்டும் சிப் தீங்கு செய்யும். மோனோசைட்டின் அடையாளப் புரதமான சிடி14ஐப் பிடிக்கும் எதிரணு பூசிய ஓர் அறையை முன்னால் வைத்து மோனோசைட்டை முதலில் வடித்துவிடுங்கள். எண்ணிக்கை கூடிக்கூடி வருகிறது என்று யாராவது சொன்னால் நான் மின்சுற்றைத் தொடமாட்டேன், முதலில் இதைத்தான் கேட்பேன்.

கோடு நடுங்குகிறது

50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் என்றால் மின்சார வழி. கருவி, இன்குபேட்டர், கணினி மூன்றையும் ஒரே பலகையில் செருகி, சிப்பை உலோகப் பெட்டியில் மூடி, பெட்டியைத் தரையிணைப்பில் சேருங்கள்.

எல்லா நடுக்கத்தையும் வடிகட்டிவிடாதீர்கள். உயிருள்ள செல் அசைந்துகொண்டே இருக்கும், நிமிடக் கணக்கில் கோட்டில் சின்னச் சின்ன அலையாகத் தெரியும். யேவரும் கீஸும் 1991இல் அதை அளந்தே காட்டினார்கள். மருந்து போட்டபின் கோடு மழமழவென்று ஆனால் சத்தம் நீங்கியது என்று மகிழாதீர்கள், செல் இறந்திருக்கலாம்.

அயனி உணரும் டிரான்சிஸ்டர் சிப்பாக இருந்தால்

பீட் பெர்க்ஃபெல்ட் 1970இல் அறிமுகப்படுத்திய வகை. அமிலத்தன்மை (pH) ஓர் அலகு மாறினால் 25 டிகிரியில் அதிகபட்சம் 59 மில்லிவோல்ட் தரும். 30தான் வருகிறது என்றால் மேல்படலம் கெட்டிருக்கிறது. காலையில் ஒரு மதிப்பு, மதியம் ஒரு மதிப்பு என்றால் ஜன்னலைப் பாருங்கள். வெளிச்சம் பட்டால் இந்தச் சிப் நகரும். மூடி அளங்கள். அப்போதும் நகர்ந்தால் வெள்ளி, வெள்ளிக் குளோரைடு ஒப்புமுனையை மாற்றிப் பாருங்கள், சிப்பை அல்ல.

கழுவுவதும் கைவிடுவதும்

ட்ரிப்சின் போட்டுச் செல்லை எடுத்து, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்புக் கரைசலால் அலசி, நிறைய அயனிநீக்கிய நீரால் கழுவி, நைட்ரஜனில் காயவையுங்கள். கந்தக அமிலமும் பெராக்சைடும் கலந்த கலவையைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். குழி ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் உங்கள் கண்ணுக்கும் அது வேண்டாம். ஆக்ஸிஜன் பிளாஸ்மா இருந்தால் ஒரு நிமிடம் போதும். கழுவும் நீரின் மீட்டரைப் பாருங்கள். தூய நீர் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் காட்ட வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே குழாய் நீர் தடுமாறியபோது எங்கள் வடிகட்டி சில நாட்களிலேயே சோர்ந்துபோனது. மீட்டரை யாரும் பார்க்கவில்லை. கழுவிய சிப்பெல்லாம் வெள்ளைத் தடத்தோடு காய்ந்தது.

கழுவியபின் முதல்நாள் கோட்டிலிருந்து 10 சதவீதத்துக்குள் திரும்பும் சேனலைச் சோதனைக்கு வைத்துக்கொள்வேன். 20க்குள் என்றால் பழகுவதற்கு. அதற்கு மேல் என்றால் எண்ணின் மேல் சிவப்புக் கோடு. இவை என் கைப்பழக்க எல்லைகள், உங்கள் வேலைக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ளலாம்.

அன்று தொடுபட்டைகளைத் துடைத்து, உலர்த்தி, மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஓட்டினோம். ஐந்து சேனல் ஒன்றோடொன்று அச்சாக ஒத்து வந்தன. மூன்று காய்ந்த நிலையிலும் தரையிலேயே கிடந்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது உப்பு அரித்த தங்கம் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சுருண்டு கிடந்தது. அவன் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, சிப் எண்ணைப் போட்டு, மூன்றின் மேல் சிவப்புக் கோடு இழுத்தான். மற்ற ஐந்தின் அளவீட்டுக்கு மேலே "முதல்நாள்" என்று எழுதத் தொடங்கி, நிறுத்தி, அன்றைய தேதியை எழுதினான்.